சின்னக் கங்காணிக்குத் தெரியாமல் குடித்த சாயம்

போன மாதம் எல்லவுக்குப் போயிருந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. கொழும்பிலிருந்து வந்த தங்கை மகளுக்கு அந்த வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்க வேண்டுமாம். அவள் படம் எடுத்தாள். நான் அவளுடைய பையையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனாள். கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், கஃபே என்று சொல்ல வேண்டும். மூங்கில் நாற்காலி, சுற்றிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், கண்ணுக்கு நேரே எங்கள் சனம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலை. கண்ணாடிக் குவளையில் பால் கலக்காத வெறும் தேத்தண்ணி, எங்கள் பேச்சில் சாயம், வந்தது. பக்கத்தில் சின்னக் காகிதப் பையில் சீனி.

என் கை தன்பாட்டில் வேலையைச் செய்துவிட்டது. காகிதத்தைக் கிழித்து, சீனியை இடது உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு நக்கி, ஒரு மிடறு சாயம் குடித்தேன். அப்புறம்தான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே வந்தது.

“பெரியம்மா! என்னா செய்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க!”

பார்க்கட்டுமே என்றேன். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண், இதுதான் இந்த ஊர் முறை என்று நினைத்து, தன் சீனியையும் கையில் கொட்டிக்கொண்டாள். தங்கை மகள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை, பஸ் ஏறும்வரை.

எங்கள் பக்கம் சாயத்தில் சீனி போட்டுக் கலக்குவது விருந்தாளிக்குத்தான். வீட்டு ஆட்களுக்குச் சீனி கையில். கலக்கினால் சீனி அதிகம் செல்லும். நக்கினால் கொஞ்சத்திலேயே ஒரு குவளை இறங்கிவிடும். என் கையில் ஒட்டியிருந்த சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கை ஞாபகத்துக்கு வந்தது. மிகச் சின்னக் கை. விரல்களை விரித்து, உள்ளங்கையை மேலே காட்டி, ஒரு வார்த்தை பேசாமல் எதிரே நீண்டு நிற்கும் கை. அதைப் பற்றிச் சொல்வதென்றால் பிள்ளைக் காம்பராவிலிருந்து தொடங்க வேண்டும்.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பதுளையில் பயிற்சியும் முடித்து, உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் நான்தான் வளர்க்கப் போகிறேன் என்ற எண்ணத்தில் வந்து இறங்கினேன். என் பதவியின் பெயர் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். தோட்டத்தில் யாருடைய வாயிலும் அது நுழையவில்லை. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளையும் விட்டுப் போகும் இடம் பிள்ளைக் காம்பரா. அதில் இருப்பவள் பிள்ளைக் காம்பரா மிஸ். அவ்வளவுதான் நான்.

அந்தக் காம்பராவுக்கென்று ஒரு வாசனை இருந்தது. முதலில் திரிபோஷா. நிறை குறைந்த பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சத்துமா. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அதை உருண்டை பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் ஈரத்துணி, விறகுப் புகை, தாய்ப்பால். ஆயம்மா மாரியாயி சேலைத் தொட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் இணைத்து, அதைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கையால் உருண்டை பிடிப்பாள். பத்து மணிக்குப் பால் கொடுக்கும் தாய்மார் கொழுந்துக் கூடையை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து பனித்தண்ணீர் சொட்டும். எந்தப் பிள்ளை முதலில் அழுகிறதோ அதைத் தூக்கிக்கொள்வார்கள், யார் பெற்றது என்று பார்ப்பதில்லை. பின்னாளில் அப்படி வளர்ந்த இருவர் கலியாணம் செய்யக் கேட்டபோது, ரெண்டும் ஒரே பால் குடித்ததுகள் என்று யாரோ கிளப்பிவிட்ட பஞ்சாயத்து ஒரு தீபாவளியையே சாப்பிட்டுவிட்டது.

சின்னக் கங்காணி அந்தக் காம்பராவில்தான் இருந்தாள். உண்மைப் பெயர் பிரியதர்ஷினி. வயது இரண்டு. அவளுடைய அம்மா செல்வராணி நல்ல கொழுந்துக்காரி. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். அவளுக்கு மேலே பள்ளிக்கூடம் போகும் அண்ணன்கள் இருவர். காலையில் எல்லோரும் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கிளம்புமுன்னும், சாயந்தரம் காம்பரா மூடிய பிறகும், பிரியதர்ஷினி லயத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவாள். ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் இஸ்தோப்பிலும் நின்று எட்டிப் பார்ப்பாள். வேலை சரியாக நடக்கிறதா என்று கங்காணி பார்ப்பது போலவே இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

நின்றதும் கையை நீட்டுவாள். அந்த வீட்டுக்காரர் தன் கையிலிருக்கும் சீனியில் ஒரு சிட்டிகையை அவள் உள்ளங்கையில் வைத்து, தன் குவளையிலிருந்து ஒரு மிடறு சாயம் கொடுப்பார். நக்குவாள், குடிப்பாள், அடுத்த வாசல். லயத்தின் கடைசி அறைக்கு வரும்போது வயிறு தண்ணீர்க்குடம். எல்லாவற்றிலும் தாராளமான கை பெரிய கங்காணியுடையது. மீசை நனையச் சாயம் குடிக்கும் மனிதர். மலையில் பெண்களைப் போட்டு விரட்டுவார், இவளைக் கண்டால் மட்டும், “வாங்க கங்காணி, பெரட்டு முடிஞ்சிச்சா?” என்று எழுந்து நிற்பார்.

யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. ஒரு மிடறுதானே என்றார்கள். அது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மிடறு என்பதை யாரும் நினைக்கவில்லை. காம்பராவில் அவள் முன்னால் சோறு வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். திரிபோஷா உருண்டையைக் கொடுத்தால் அதைப் பக்கத்துப் பிள்ளையின் வாயில் அமுக்கிவிட்டு வந்துவிடுவாள். தலைமுடி செம்பட்டையாகிக்கொண்டு வந்தது. கால் இரண்டும் குச்சி. சிரிப்பில் மட்டும் குறைச்சல் இல்லை.

மாதக் கிளினிக்குக்கு வரும் மருத்துவமாது யாழ்ப்பாணத்துக்காரர். தராசில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் என்னையும் செல்வராணியையும் கூப்பிட்டார்.

“பிள்ளையின்ர நிறை இறங்கிக்கொண்டு போகுது. ரத்தமும் காணாது. ஆர் உந்தச் சின்னனுக்குத் தேத்தண்ணி பருக்கிறது? அடுத்த கிளினிக்கிலயும் இப்பிடியெண்டால் பதுளைக்கு அனுப்பி வார்டில வைக்கத்தான் வேணும்.”

செல்வராணி காம்பராப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நா வார்டுல போயி இருந்துட்டா மத்த ரெண்டுக்கும் யாரு மிஸ் சோறு ஆக்குவா? வேலைக்கி வரலன்னு எம் பேர வெட்டிட்டா வீட்டுல அடுப்பு எரியுமா?” என்றாள். அதற்கு மேல் சொல்லாததையும் அவள் முகத்தில் பார்த்தேன். வார்டுக்குப் போகும் பிள்ளை திரும்பி வராமலும் போகலாம் என்ற பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே என் படிப்பைக் காட்டக் கிளம்பினேன். பயிற்சியில் கொடுத்த படங்களைக் கம்பில் தொங்கவிட்டு, மத்தியானம் கொழுந்து நிறுக்க வந்த பெண்களை நிறுத்தி, சாயம் குடித்தால் பிள்ளை சோறு தின்னாது, தின்றதிலும் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது, சிறு பிள்ளைக்கு ஒரு சொட்டும் கூடாது என்று பேசினேன். கூடை நிறையத் தேயிலையை முதுகில் சுமந்துகொண்டு அவர்கள் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி வாயைத் திறந்தாள்.

“அப்ப நாங்க பறிக்கிறது என்னா மிஸ், வெஷமா?”

நான் அடுத்த படத்தைப் புரட்டினேன். அதில் கீரை இருந்தது. பெரிய கங்காணி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் போலிருக்கிறது. சாயந்தரத்துக்குள் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் காதுக்கு விஷயம் போய், எனக்கு ஒபிசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

“மிஸ், நம்ம தேயிலை விஷம் சொல்லியிருக்கா?” என்றார் துரை. சிங்களவர், தமிழை அளந்து பேசுவார். நான் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று உளறினேன். அவர் சிரித்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றால் விஷம் என்று சொன்னது உண்மையாகிவிடும். குடித்தேன். அன்று அந்தத் தோட்டத்தில் சாயத்தை விட்டவர்கள் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

லயத்தை மாற்றியது என் படங்கள் அல்ல, செல்வராணியின் வாய். அன்று சாயந்தரம் வேலை முடிந்து வந்தவள் முகம்கூடக் கழுவவில்லை. லயத்து முற்றத்தில் நின்றாள். எல்லா இஸ்தோப்பிலும் ஆட்கள், எல்லோர் கையிலும் குவளை.

“எம் புள்ள மேல பாசம் இருக்கவங்க யாரும் இனி அதுக்கு முன்னால சாயம் குடிக்காதீங்க. குடிக்கிறவங்க, நாளைக்கி அத வார்டுல போட்டா, பதுளைக்கி வந்து எம் மூஞ்சிய நேராப் பாத்துப் பேசுங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். வெளியே ஒருவரும் ஒரு மிடறு விழுங்கவில்லை.

மறுநாளிலிருந்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேயிலையிலேயே பிறந்து தேயிலையிலேயே வளர்ந்த சனம், இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒளித்துச் சாயம் குடித்தது. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார். ஒருவர் விறகு பொறுக்குவதாகச் சொல்லிவிட்டுக் குவளையோடு மானாப்புல் காட்டுக்குள் போனார். ‘வருது, வருது’ என்று முதல் வீட்டில் குரல் கேட்டால், லயம் முழுவதும் குவளைகள் சேலைக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் மறையும். பெரிய கங்காணி கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு குடித்தார். கோழிகள் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டன. சின்னக் கங்காணி அங்கேயும் போய்க் கையை நீட்ட, அவர் கொதிக்கும் சாயத்தைத் தன் காலில் கிடந்த ரப்பர் சப்பாத்துக்குள் ஊற்றிக்கொண்டார். அன்று பிந்தித்தான் மலைக்கு வந்தார். காரணம் சொல்லவில்லை, நொண்டினார்.

ஆனால் பிள்ளை விடவில்லையே. ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கை நீண்டது. சாயத்தின் மணம் மூக்கில் ஏறுகிறது, குவளையைக் காணோம். உதடு பிதுங்கும், கை மட்டும் மடங்காது. அந்த வெறும் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பெரிய பாடு. முதல் வீட்டுக்காரி தாங்கமாட்டாமல், காம்பராவில் வாங்கி வந்திருந்த திரிபோஷாவில் சுண்டைக்காய் அளவு உருட்டி அந்தக் கையில் வைத்தாள். பிள்ளை நக்கிப் பார்த்தது. சீனி இருந்தது. தின்றது. நான் கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையின் வாயில் தள்ளியதை, வீடு வீடாகப் போய் வசூலித்தால் தின்பாள் என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வீட்டுக்காரி அதில் பாசிப்பயறு சேர்த்தாள். அதற்கடுத்தவள் எள்ளு. யார் உருண்டை ருசி என்று லயத்தில் போட்டியே வந்துவிட்டது. பெரிய கங்காணி அவித்த முட்டையோடு நின்றார், கோழிகள் மேல் இருந்த கோபமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

கிளினிக் நாள் வந்தது. வழக்கமாகத் தாய்மார் மட்டும் வரும் இடத்தில் லயமே வந்து நின்றது. விட்டத்தில் தராசைக் கொழுவி, காற்சட்டை மாதிரித் தைத்த துணிப்பையில் பிள்ளையை மாட்டித் தொங்கவிட்டார்கள். செல்வராணி மருத்துவமாதிடம், “சத்தமா சொல்லிறாதீங்கம்மா, கண்ணூறு பட்டுரும்” என்று கெஞ்சினாள். பிள்ளை காலை உதைக்க உதைக்க முள் ஆடியது. முள் நின்றது. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழித்தே பழகிய பெரிய கங்காணி, கழுத்தை நீட்டிப் பார்த்து, தன்னை மறந்து கேட்டார்.

“தண்ணிக்கி எவ்வளவு கழிக்கணும்?”

“கொழுந்துல கழிச்சது போதாதா ஒனக்கு? புள்ளயிலயும் கழிக்கணுமா?” என்று பெண்கள் ஒருமிக்கப் பாய்ந்தார்கள். பல வருசக் கோபம் அது, அன்றைக்கு வசமாக மாட்டினார்.

மருத்துவமாது சத்தமாக எதுவும் சொல்லவில்லை. செல்வராணியின் கன்னத்தைத் தட்டி, “பதுளை வேண்டாம் பிள்ளை. ஏறியிருக்கு. இப்பிடியே குடுங்கோ” என்றார். செல்வராணி பிள்ளையைப் பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, படங்களைச் சுருட்டுவது போல் திரும்பிக்கொண்டேன்.

“களைச்சுப் போனன், ஆரும் ஒரு வாய் தேத்தண்ணி தாங்கோவன்” என்றார் மருத்துவமாது. காம்பரா முழுதும் ஒரே கணத்தில் அவரைப் பார்த்து, வாயில் விரலை வைத்து, “ஷ்ஷ்!” என்றது. அவரும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்த்தான் குடித்தார்.

இதெல்லாம் இருபது வருசத்துக்கும் மேலான கதை. சின்னக் கங்காணி அம்மாவோடு வத்தளைப் பக்கம் போய்விட்டாள், துணிக்கடையில் வேலை, கலியாணமும் ஆகிவிட்டது. பொங்கலுக்கு மறக்காமல் போன் எடுப்பாள். பிள்ளைக் காம்பராவுக்குப் புதுப் பெயரும் புதுக் கூரையும் சுவர் நிறைய யானையும் முயலும் வந்திருக்கின்றன. சறுக்குமரம்கூட உண்டு. சறுக்கப் பிள்ளைகள்தான் கொஞ்சம். பத்து மணிக்குக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வர யாருமில்லை. பால் குடிக்கும் பிள்ளையுள்ள பெண்கள் டவுனில் இருக்கிறார்கள், கொழும்பில் இருக்கிறார்கள்.

எல்லவிலிருந்து திரும்பிய அடுத்த நாள், மனசு கேட்காமல் பசறை பஸ் பிடித்து அந்த லயத்துக்குப் போனேன். பாதிக் கதவுகளில் பூட்டு. ஒரே ஓர் இஸ்தோப்பில் பெரிய கங்காணி உட்கார்ந்திருந்தார். மீசை வெள்ளை, கையில் குவளை. “கங்காணி” என்று கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் மனிதர் பதறிப்போய்க் குவளையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அப்புறம் நினைவு வந்து இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

உள்ளே போய் எனக்கும் ஒரு சாயம் ஊற்றிக்கொண்டு வந்தார். கையில் சீனி வைத்தார். நான் பழக்கத்தில் குவளையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, முற்றத்தை ஒரு பார்வை பார்த்தேன்.

“வெளிய வச்சே குடிங்க மிஸ்,” என்றார் அவர். “இப்ப வந்து கைய நீட்ட இங்க ஒரு புள்ளயும் இல்ல.”