அம்மா தாண்டும் மஞ்சள் கோடு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டூங்கபியிலிருந்து காரில் புறப்பட்டோம். நானும் மகள் நிலாவும் மட்டும். அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மா விடியவே வேலைக்குப் போய்விட்டார். அங்கே வேலை செய்பவர்களின் குடும்பங்கள் அன்று வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மாவின் வேலை லூக்காஸ் ஹைற்ஸில் உள்ள பழைய அணு உலையில். அது மின்சாரம் தரவில்லை. ஆராய்ச்சிக்கும் ஆசுபத்திரி மருந்துக்குமாக ஏறத்தாழ ஐம்பது வருடம் ஓடியது. இப்போது அந்த வேலையைப் பக்கத்திலுள்ள புது உலை செய்கிறது. பிள்ளைகளே, அணு உலையை விளக்கு மாதிரி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எரிபொருளை எடுத்து, வருடக்கணக்காகப் பொறுத்திருந்து, பிறகு துண்டு துண்டாகக் கழற்றவேண்டும். எந்தத் துண்டில் எவ்வளவு கதிர்வீச்சு மிச்சம் என்று அளந்து சொல்பவர் அம்மா. அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கைவைப்பார்கள்.

ஆனால் நிலாவுக்கு ஒரு பயம். கோயிலில் ஒரு அன்ரி, "அந்த வேலைக்குப் போனா கதிர்வீச்சு உடம்பில ஒட்டிக்கொண்டு வருமாம்" என்றதைக் கேட்டிருந்தாள். அதன்பிறகு வேலையால் வரும் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு அறைக்குள் ஓடிவிடுவாள். அம்மா நேரே குளிக்கப் போவார்.

ஹீத்கோட் வீதியில் இருபக்கமும் யூக்கலிப்டஸ் காடு. "அம்மாட்ட நீயே கேளன்" என்றேன்.

"இட்ஸ் ஓகே, அப்பா" என்று யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

சிறுவர்களைப் பழைய உலைக்குள் விடமாட்டார்கள். அதனால் ஒரு மண்டபத்தில் உலையிலிருந்து வெளியேறும் வாசலைப் போலவே அமைத்திருந்தார்கள். நான் பழக்கதோசத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். நிலாவும் கழற்றினாள். காவலாளி எங்கள் வெறுங்காலைப் பார்த்தபடி நின்றார்.

உள்ளேயிருந்து அம்மா சிரித்தார். "இஞ்சாருங்கோ, இது என்ன மேய்ஸ் ஹில் கோயிலே? சப்பாத்தைப் போடுங்கோ. இஞ்ச எல்லாம் மறுவளம். உள்ள போகேக்க சப்பாத்துக்கு மேல உறை போடவேணும். வெளியில வரேக்கதான் கழட்டுறது."

தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதன்மேல் ஒரு வாங்கு. செய்து காட்டுவதற்காக அம்மா சப்பாத்து உறைகளோடு அந்த வாங்கில் அமர்ந்து, ஒரு காலின் உறையை உரித்தார். அந்தக் காலைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார். பிறகு மற்றக் கால். கடைசியில் கதிர்வீச்சை அளக்கும் ஒரு இயந்திரத்தில் ஏறி இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை வராட்டி?" நிலா கேட்டாள்.

"வெளியில விடமாட்டினம். கழுவி, திரும்ப அளந்து, பச்சை வந்தாத்தான் வீட்ட வரலாம்."

"எவ்ரி டே?"

"ஓம், ஒவ்வொரு நாளும்."

"அப்ப ஏன் வீட்ட வந்த உடன குளிக்கிறீங்கள்?"

"குளிச்சாலாவது நீ கிட்ட வருவாய் எண்டுதான்."



திரும்பும்போது மரங்களுக்கு மேலாகப் பழைய உலையின் கட்டடத்தைக் காட்டினேன். எத்தனையோ நோயாளிகளுக்கு உதவிய உலை அது. ஒருவருக்கும் தீங்கில்லாமல் அதை வழியனுப்புகிறவர்களில் எங்கள் வீட்டு ஆள் ஒருவர். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பின்னேரம் அம்மா வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கதவைத் திறந்த நிலா ஓடவில்லை. குறுக்கே நின்று, "கையைக் காட்டுங்கோ" என்றாள். அம்மா நீட்டிய கைகளில் தன் கைகளை வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

"கிறீன்" என்றாள்.

அன்று அம்மா குளிக்கப் போக நன்றாகப் பிந்திவிட்டது.