ஃபேனை நிறுத்தும் அண்ணி

எங்கள் அண்ணி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஃபேனை நிறுத்துவார். நமக்கு வியர்த்து வழிந்தாலும் அவருக்குக் கவலையில்லை. என் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவதே 'ஸ்விட்ச் பெரியம்மா' என்றுதான்.

குற்றம் அவர் மேல் இல்லை, வேலை அப்படி. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து, கத்தி பூட்டிய இயந்திரத்தில் சீவுவது ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவர் தொழில். சீவல் தலைமுடியைவிட மெல்லியது, பெருமூச்சு விட்டாலே பறந்துவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் தும்மல் வந்தால் வராந்தாவுக்கு ஓடுவார்களாம்.

நான் லாரி ஓட்டுபவன். குடலில் வந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்ததும் தொல்லை விட்டது என்றிருந்தேன். அது ஈரலில் மறுபடி தலைகாட்டியது, கீமோவுக்கும் மசியவில்லை. அப்போதுதான் டாக்டர் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். உடம்பின் காவல் செல்களுக்கு ஒரு பிரேக் உண்டாம். கட்டி அதை மிதித்துக்கொண்டே தப்பிக்கிறது, மருந்து அந்தக் காலை எடுத்துவிடும். ஆனால் எல்லாக் கட்டிக்கும் பலிக்காது. மரபணுப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடே கெட்டுப்போன கட்டி என்றால் பிழைகள் மண்டிக் கிடக்கும், காவல் செல்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். என்னுடையது அந்த ரகமா என்று பார்க்கச் சதை வேண்டும். ஈரலில் ஊசியால் குத்திச் சதை எடுத்தால் ரத்தம் நிற்காது என்று டாக்டர் பயந்தார். மிச்சமிருந்தது குடல் ஆபரேஷனில் எடுத்த சதையைப் பதித்த பழைய மெழுகுக் கட்டி ஒன்றுதான், அதிலும் சதை நகக்கண் அளவு.

சொந்தக்காரர் சதை, கை நடுங்கும், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று தலைமை டாக்டர் சொல்லிப் பார்த்தாராம். அண்ணி கேட்கவில்லை. முதல் சீவல் அழகாக வந்தது. வந்த வேகத்திலேயே எழும்பிப் பறந்து கிழிந்தும் போனது. ஊருக்கெல்லாம் ஃபேனை நிறுத்தியவர் தன் தலைக்கு மேல் ஓடியதை மறந்துவிட்டார். அண்ணி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தி, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். தேவையான சீவல்கள் கிடைத்தன, அதற்குமேல் வெறும் மெழுகுதான்.

முடிவு வந்த அன்று அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்தார்.

"தம்பி, கோளாறு இருக்கு. நல்லாவே கோளாறு இருக்கு."

என் மனைவி ஓவென்று அழ ஆரம்பித்தாள். நான் கைதட்டினேன். நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் உரக்க அழுதாள். கோளாறுதான் நல்ல செய்தி என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் அண்ணிக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மருந்து ஏற ஏற எனக்குப் பசி திரும்பியது. அடுத்த ஸ்கேனில் கட்டிகள் பாதிக்குமேல் சுருங்கியிருந்தன. இன்னும் முழுசாகப் போகவில்லை, மருந்து தொடர வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அந்த அறையிலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் எல்லோரும் வழக்கம்போல ஃபேன் இல்லாமல் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன் படத்தை அண்ணியிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை என் கையில் திணித்தார்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, போய் ஃபேனைப் போட்டார்.