டோனட்டும் ஒரு ‘ம்ஹ்ம்’மும்

விரல்கள் ஒரே சமயத்தில் ஆறேழு கட்டைகளை அழுத்துகின்றன. ஒரு சொல் முடிகிறது. கட்டைவிரல்கள் இரண்டுக்கும் உயிரெழுத்து வேலை, மற்றவை மெய்களைப் பார்த்துக்கொள்கின்றன. கண்கள் சுருக்கெழுத்து இயந்திரத்தின் பக்கம் போவதில்லை. பேசுகிறவரின் வாயிலேயே இருக்கின்றன.

வெர்னா டாலஃப்சன் இருபத்தாறு வருடமாக எங்கள் ஊர் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, வானொலியில் வரும் மாட்டு ஏலத்தைக் கேட்டுக் கேட்டு அடித்துத் தானே பழகியவர். “ஏலக்காரன் வாய்க்கு முன்னாடி எந்த வக்கீலும் நத்தைதான்” என்பார்.

அன்று மொன்டானாவின் ரெட்வில்லோ நீதிமன்றத்தில், ஜூரிகள் கூடும், ஹீட்டர் ஓடாத சின்ன அறையில், டுவேன் பாச்சர் என்ற லாரி ஓட்டுநரின் வாக்குமூலம் நடந்தது; நீதிபதி இல்லாமல் இரு தரப்பு வக்கீல்கள் முன்னால் எடுப்பது. அவருடைய வைக்கோல் லாரி தீப்பிடித்ததில் ஓபல் ஸ்கோகனின் கொட்டகையும் நாற்பது தேனீப் பெட்டிகளும் எரிந்து போயிருந்தன. ஓபல் உள்ளூரிலேயே வழக்குப் போட்டார். டுவேனின் வக்கீல் ப்ரெஸ்காட், தன் கட்சிக்காரர் வயோமிங் மாநிலத்தவர் என்று சொல்லி, வழக்கை இருநூறு மைல் தள்ளி பில்லிங்ஸில் இருக்கும் மத்திய அரசின் ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இரு தரப்பும் வெவ்வேறு மாநிலம் என்றால் அது செல்லும். ஒரே மாநிலம் என்றால் வழக்கு ரெட்வில்லோவுக்கே திரும்பிவிடும்.

ஓபலின் சாட்சிகள் ஏழு பேரும் கொட்டகை எரிந்த அன்று தீயணைக்க ஓடிவந்த பண்ணைக்காரர்கள். மாடுகள் கன்று போடும் காலத்தில் பில்லிங்ஸுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். சாட்சி இல்லையென்றால் வழக்கும் இல்லை.

டுவேன் எட்டு மாதமாக ரெட்வில்லோவில்தான் குடியிருந்தார். ஆனால் ஓட்டுநர் உரிமம் வயோமிங் உரிமம். அவர் எங்கே தங்கிவிட நினைத்தார் என்பதை வைத்துத்தான் எந்த மாநிலத்தவர் என்று நீதிபதி முடிவு செய்வார்.

ஓபலின் வக்கீல் எமெட் லாங் அதைத்தான் கேட்டார். “வழக்குப் போட்ட அன்னிக்கு, திரும்ப வயோமிங் போயிடலாம்கிற எண்ணம் உங்களுக்கு இருந்துச்சா?”

டுவேன் வாயில் பாதி டோனட் இருந்தது. “ம்ஹ்ம்” என்றார்.

“அடுத்த கேள்வி” என்றார் எமெட், மகிழ்ச்சியாக.

வெர்னா கைகளைத் தூக்கிவிட்டார். “நில்லுங்க வக்கீல் சார். எனக்கு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. சொல்லு ஒண்ணும் வரலை.”

“இல்லைன்னுதானேம்மா சொன்னாரு?” என்றார் எமெட்.

“ஆமான்னு சொன்னாரு” என்றார் ப்ரெஸ்காட். “எனக்குத் தெளிவாவே கேட்டுச்சு. வந்தபடியே எழுதிக்கோங்கம்மா, போதும்.”

“நீங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணலை சார். அவருதான் பண்ணியிருக்காரு.” வெர்னா டுவேனைப் பார்த்தார். “தம்பி, முழுங்கிட்டு வாயால சொல்லுங்க. அவசரமில்லை.”

“கேள்வி ஏற்கெனவே முடிஞ்சுபோச்சு” என்று ப்ரெஸ்காட் ஆட்சேபித்தார்.

“அதையும் எழுதிட்டேன் சார்.”

அறையில் எல்லாரும் ஒரு மனிதன் டோனட் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஓபல் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

டுவேன் வாயைத் துடைத்துக்கொண்டார். “இல்லைங்கம்மா. நான் எங்க போறது? நான் இங்க தங்கியிருக்கிற ஷெரில் வீட்டுல மூணு நாய் இருக்கு, மூணும் என் கட்டில்லதான் படுக்குது. வயோமிங்ல எனக்குன்னு இருக்கிறது லைசென்ஸும் என் அண்ணனும்தான். ரெண்டுமே காலாவதி.”

ஓபல் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். வெர்னாவின் விரல்கள் மட்டும் சிரிக்கவில்லை. நாய், கட்டில், அண்ணன் எல்லாம் இயந்திரத்துக்குள் போயின.

பிறகு ஒன்பது நாள் திருத்தும் வேலை. ஒலிப்பதிவோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் படித்தார். அடுத்த தடவை கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். கதை புரிந்தால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. அந்த ‘ம்ஹ்ம்’, ‘புரியாத ஒலி’ என்று தன் இடத்திலேயே இருந்தது. சான்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டார்.

பத்தாம் நாள் காலை நீதிமன்றக் கூடத்தில் ப்ரெஸ்காட் தன் பிரதியை நின்றபடியே புரட்டினார். முப்பத்தோராம் பக்கத்தில், டுவேனின் பதிலில், விரலை வைத்தார்.

“நாய் எல்லாம் எழுதணுமா?”

“சொன்னாரே சார்.”

“இதைப் படிச்சா எந்த நீதிபதியும் வழக்கை இங்கேயே திருப்பி அனுப்பிடுவாரு. நானே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடறேன்.” பக்கத்தில் நின்ற எமெட்டைப் பார்த்தார். “இங்கேயே பார்த்துக்கலாம். அந்த ரூம்ல ஹீட்டரை மட்டும் சரி பண்ணச் சொல்லுங்க.”

எமெட்டின் பின்னால் நின்ற ஓபல் ஏழு பேரில் யாரை முதலில் கூப்பிடுவது என்று கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தார். வெர்னா மூலப் பிரதியை உறையில் போட்டு ஒட்டி, மேலே வழக்கின் பெயரை எழுதி, மை காயும்வரை ஊதிவிட்டு, எமெட்டின் கையில் கொடுத்தார்.