தேரா மணிக்கூண்டைச் சுற்றி

“…அதுக்குக் கீழாலை மணி அடிக்கேக்கை போனால் சோதினையிலை பெயிலாம், அண்ணா. அதாலை மகள் நாலு வருசமாச் சுத்திச் சுத்தித்தான் வகுப்புக்குப் போறாள்” என்கிறார் யாழ்ப்பாணத்துச் சுகந்தி, கரக் டீயை ஊதியபடி.

துபாயின் தேராவில் ஒரு டீக்கடை வாசல். எதிரே மணிக்கூண்டு மாலை வெயிலில் மிதக்கிறது. மகள் படிப்பது அயர்லாந்தில், டப்ளினில், நானூறு வருஷத்துக்கும் மேலான பல்கலைக்கழகம் ஒன்றில். கூரை வரை பழம்புத்தகங்கள், உருண்டைக் கல் பாவிய முற்றம், நடுவே சுகந்தி சொன்ன அந்த மணிக்கோபுரம். இன்றைக்குக் கடைசிப் பரீட்சை முடிவு.

சுகந்தியும் இந்த மணிக்கூண்டுப் பக்கம் போவதில்லையாம். ஆபீசுக்குப் பின்சந்து வழிதான்.

“ஏம்மா, அது மணி அடிக்கிற கோபுரம். இது மணி காட்டுறதுதானே?”

“ரெண்டும் மணிதானே அண்ணா. ஏன் வீண் சோலி?”

வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

போன் ஒலிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார். முதலில் மணியோசை மட்டும் கணீர் கணீரென்று வருகிறது. பிறகு அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு: “அம்மா, பாஸ். அதுக்குக் கீழைதான் நிக்கிறன்.”

சுகந்தி மீதி டீயை என் கையில் தந்துவிட்டு, பச்சை விளக்குக்குக் காத்து நின்று, மணிக்கூண்டை நோக்கி நேராகச் சாலையைக் கடக்கிறார்.