அயர்லாந்து ராசா கபிரியேல்

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் கபிரியேலைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ராசா என்பார்கள். கவாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்பு தேயத் தேயத் தேயிலைச் சரிவில் ஏறுகிற ராசா. அவரும் நானும் ஒரே லயம், தோட்டத்து வரிசை வீடுகள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் இருமினால் என் தூக்கம் கெடும்.

ராசா பட்டம் ஒரு நாடகத்தால் வந்தது, வருசாவருசம் அதில் ராசா வேசம் அவருக்குத்தான். முன்பு இங்கே இருந்த வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் தன் நாடான அயர்லாந்தின் ராசா கதையை எங்கள் மாதா கோயிலுக்கு நாடகமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். பிரையன் போரு என்று பெயர், ஆயிரம் வருசத்துக்கு முந்தைய ஆள். கப்பலில் வந்த அந்நியர்கள் ஊர்களைக் கொளுத்துகிறார்கள். அண்ணன், போதும், ஒத்துப்போய்விடலாம் என்கிறான். தம்பி பிரையன் கேட்கவில்லை. கொஞ்சம் ஆட்களோடு காட்டில் பதுங்கிச் சண்டை போடுகிறான். பிறகு ராசாவாகிறான், நாட்டுக்கே பெரிய ராசாவாகிறான், கிழவனாகிறான். கடைசிப் போர் பெரிய வெள்ளிக்கிழமை அன்று. ராசா வாளைத் தொடாமல் கூடாரத்தில் முழங்காலில் நின்று செபிக்கிறார். அவருடைய படை ஜெயித்துவிடுகிறது. தோற்று ஓடுகிற ஒருவன் போகிற போக்கில் கூடாரத்துக்குள் நுழைந்து கோடாலியால் அவரை வெட்டிவிடுகிறான். ஜெயித்த அன்றைக்கே சாவு. இந்தக் கதை எங்களுக்கு ஏன் பிடித்தது என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

முதல் வருசம், ராசாவை வெட்டியவனைச் சனங்கள் மேடையிலேயே ஏறி மொத்திவிட்டார்களாம். அதனால் சாமியார் ஒரு வழக்கம் வைத்தார். கொன்றவனே ராசாவை முதுகில் சுமந்துபோய் அவர் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். ராசாவின் பெண்சாதி அவனுக்குக் காப்பி கொடுத்து, "பொறுத்தேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவனை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சாமியார் போய்விட்டார், வழக்கம் நிலைத்துவிட்டது. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள், காட்டு யானை இறங்குவதற்கு முன் வெளிச்சத்தோடு நாடகத்தை முடித்துவிடுவோம்.

கபிரியேல் அந்த லயத்து வீட்டில்தான் பிறந்தார். செபமாலையம்மாளைக் கல்யாணம் கட்டி அந்த வாசலுக்குத்தான் கூட்டி வந்தார். யானை பின்சுவரை இடித்தபோதெல்லாம் கம்பெனியைக் கெஞ்சிப் பார்த்துவிட்டு, தானே மண் குழைத்துப் பூசினார். கூலிப் போராட்டத்தில் மழையோடு ரோட்டில் உட்கார்ந்தார். காட்டுக்குள் பதுங்கிய பிரையனுக்காவது பதுங்கக் காடு இருந்தது.

வயதாகி அவருக்குத் தோட்ட வேலை முடிந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் வீடு தங்கும். மகன் ஜினோ மலைக்குக் கீழே முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டுகிறான். அவன் திரும்பி வரமாட்டான், அவனைக் குறை சொல்லவும் மாட்டேன். பெரியவர்கள் இருவரும் அந்த வெயில் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்தவன் சூப்பர்வைசர் ஷைஜு. கபிரியேல் வாதாடவில்லை. வீட்டைக் கேட்கவில்லை, ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"திங்கக்கிழமை நாடகம் முடியட்டும்டே. ராசாவை இறக்க ஒரு வாசல் வேணும்லா?"

"மேல கேட்டுட்டேன் மாமா. ஒத்துக்கல. நான் என்ன செய்ய?"

அவன் தலையைக் குனிந்துகொண்டே போனான். இந்த வருச நாடகத்தில் கோடாலி அவன் கையில்தான். வேசம் பிரித்துக் கொடுத்தபோது இப்படி ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எனக்கு அம்பின் மேலும் கோபம்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜினோ லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனான். ஷைஜு பூட்டுப் போட்டான். பெரியவர்கள் செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்காக என் வீட்டில் தங்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுப் பழகிய இருமலை அன்று ராத்திரி என் அறைக்குள்ளேயே கேட்டேன்.

திங்கட்கிழமை கபிரியேல் மேடையில் வாளை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார். கூடாரக் காட்சியில், "ஆண்டவரே, என் சனத்துக்குச் சமாதானம் தாரும்" என்று செபிக்க வேண்டும். அவர் முழங்காலில் நின்றார். பிறகு, "ஆண்டவரே, எனக்குக் களைப்பா இருக்கு" என்றார். அதுவும் நாடகம்தான் என்று நினைத்துப் பெண்கள் அழுதார்கள். ஷைஜு கோடாலியை ஓங்கினான். அது கழுத்தின் பக்கம் வருவதற்கு முன்பே ராசா சாய்ந்துவிட்டார்.

ஷைஜு குனிந்து அவரை முதுகில் ஏற்றினான். சனம் பின்னால் நடந்தது. பாதை பிரிகிற இடத்தில் அவன் நின்றான்.

"எந்த வீட்டுக்கு மாமா?"

செத்த ராசா பேசக் கூடாது. அவர் பேசவில்லை. ஷைஜு தானாகவே பழைய வாசலுக்கு நடந்தான்.

அங்கே செபமாலையம்மாள் என் அடுப்பில் போட்ட காப்பியோடு, பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஷைஜு கபிரியேலைப் படியில் இறக்கினான். டம்ளரை வாங்கும்போது அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"உன்னைப் பொறுத்தேன்" என்றார் அந்த அம்மாள். "உன்னை மட்டுந்தான்."

அவன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தான். அழுதுகொண்டே பூட்டைப் பிடித்தான்.

"இன்னைக்கு ராத்திரி இங்கனயே படுங்க மாமா. யாரு கேக்காங்கனு நான் பாத்துக்கிடுதேன்."

கபிரியேல் தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்டே, பூட்டு கிடக்கட்டும்" என்றார். "இன்னொரு தடவ காலி பண்ண எனக்குத் தெம்பு இல்ல."