தள்ளுபடி இல்லாத வண்டி

காரைக்குடியில் ஒரு ஷோரூமில் நான் கார் விற்கிறேன். அதே கட்டடத்தின் பின்பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் என் கணவர் மெக்கானிக். நான் விற்ற வண்டிகள்தாம் பிறகு அவரிடம் ஆயில் மாற்ற வரும். எலெக்ட்ரிக் கார் வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது.

ஆரம்பத்தில் அதை விற்பது சிரமமாக இல்லை. பெரிய தள்ளுபடி கொடுத்தோம். பெட்ரோல் வண்டியில் கிடைத்த லாபத்தைக் கம்பெனிக்காரர்கள் இதில் விடுகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு நாள் கம்பெனி அதிகாரி வந்தார். இனி எலெக்ட்ரிக் காரும் லாபத்தில்தான் போக வேண்டும், தள்ளுபடி கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் சாக்கோட்டையிலிருந்து கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். பிள்ளையார்பட்டி வரை அந்த அம்மாள்தான் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்ததும் கான்ட்ராக்டர் பேரத்தைத் தொடங்கினார்.

"போன வருசம் என் மச்சினனுக்குக் கொறைச்சுக் குடுத்தீகள்ல?"

"குடுத்தோம் சார். அப்ப கம்பெனி நட்டத்துக்கு வித்துச்சு. இப்ப அப்படி விக்கிறதில்ல."

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. அவர் எழுந்துவிட்டார். அந்த அம்மாள் எழவில்லை.

"நட்டத்துக்கு வித்துட்டு இவுக கடையக் கட்டிட்டுப் போயிட்டா, பேட்டரி கெட்டா நான் யாருகிட்டப் போயி நிக்கிறது? நட்டத்துக்குக் கான்ட்ராக்ட் புடிச்ச வீட்ட நீங்க எதெதக் கொறைச்சுக் கட்டி முடிச்சீகன்னு எனக்குத் தெரியாதா? உக்காருங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அன்றே வண்டிக்கு முன்பணம் கட்டினார்கள்.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"கம்பெனிக்கு மிஞ்சும். எங்களுக்கு என்ன மிஞ்சும்? அதுல ஆயிலும் இல்ல, கிளட்சும் இல்ல" என்றார்.

லாபம் என்றால் எல்லோருக்கும் வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கார் முதல் சர்வீஸுக்கு வந்தபோது பிரேக்கையும் டயரையும் பார்த்ததோடு வேலை முடிந்துவிட்டது. "அம்புட்டுத்தானா?" என்று சந்தோஷமாகக் கேட்டார் அந்த அம்மாள். "அம்புட்டுத்தாம்மா" என்றார் என் கணவர். கம்பெனி நடத்தும், முன்பு தான் வேண்டாம் என்று ஒதுக்கிய பேட்டரிப் பயிற்சிக்கு அந்த வாரமே பெயர் கொடுத்துச் சென்னைக்குப் போனார். அவரோடு வேலை பார்த்த இன்னொரு மெக்கானிக் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கீழச்சிவல்பட்டியில் பைக் பட்டறை போட்டிருக்கிறார். அவர் நன்றாக இருக்கிறாரா என்று கேட்க எனக்கு இன்னும் தயக்கம்தான்.

இப்போது யாராவது பேட்டரியைப் பற்றிக் கேட்டால் என் கணவரை ஷோரூமுக்குள் கூப்பிடுகிறேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"சார்ஜ் போட வீட்டுல எங்குட்டு எடம் வச்சிருக்கீக?" என்றுதான் முதலில் கேட்பார்.