கோழி சாண்ட்விச்சில் இருந்த சத்து

பிள்ளைகளே, ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் ஒருநாள் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டு வாசிப்பது அவர் பழக்கம். கடைப் பெயர்ப் பலகை ஒன்றையும் விடவில்லை.

அன்று என் மகளை ஓட்டப் போட்டிக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். பலத்துக்காகச் சீஸ் வைத்த கோழி சாண்ட்விச் வாங்கியிருந்தேன். உறையைப் பார்த்துப் பெரிய டாக்டர் மாதிரி விளக்கினேன்.

"சுட்ட கோழி கண்ணு, எண்ணெய் கம்மி. புரதம் காலுக்குப் பலம். சீஸ்ல கல்சியம், எலும்புக்கு. பாண்ல மாச்சத்து, ஓடுறதுக்கு."

அவரும் எட்டிப் பார்த்து வாசித்தார். "புரதம்... கொழுப்பு... உப்பு..." அப்படியே அவர் கண் என் மணிக்கட்டுக்கு வந்தது.

"ஏங்க, காப்புக் கட்டியிருக்கீங்க போல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டினால் அது முடியும்வரை வீட்டில் யாரும் மாமிசம் தொடக்கூடாது. சத்தையெல்லாம் மனப்பாடம் செய்தவன் சாமியை மறந்துவிட்டேன்.

"அப்பா, இப்ப நான் என்னத்தத் தின்னுட்டு ஓடுறது?" என்றாள் மகள்.

அவர் தம் பையிலிருந்து ரொட்டியும் அவித்த கடலையும் எடுத்து நீட்டினார்.

"சாப்பிடு பாப்பா. இதுலயும் புரதம் இருக்கு, எழுதி ஒட்டலதான். அதை இங்க குடுங்க. எங்க தோட்டத்துல திருவிழா போன மாசமே முடிஞ்சிருச்சு."

ஒவ்வொரு கடிக்கும் உறையில் ஒரு வரி வாசித்துச் சாண்ட்விச்சை முடித்தார்.

போட்டியில் மகள் இரண்டாவதாக ஓடி வந்தாள். அவர் பக்தியில் சொன்னாரா, பசியில் சொன்னாரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஹட்டனிலிருந்து பக்கத்திலேயே இருந்தவர், சாண்ட்விச்சைக் கண்ட பிறகுதானே காப்பைப் பார்த்தார்!